மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த மிஷின்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் மாமியார், என் இடது கால் ஆகிய மூவரும் நலம். அங்கு தாங்களும் என் மகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வலது முட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் தாங்கள் நாலு முறை "சரிங்க மாமா" சொல்லிவிடுகிறீர்கள். அதற்குமேல் எனக்குப் பேச வாய் வருவதில்லை. கடிதத்தில் தாங்கள் "சரிங்க மாமா" சொல்ல வழியில்லை. மேலும், தங்களிடமிருந்து போன் வரும்போதெல்லாம் தங்கள் தந்தையார், அதாவது என் சம்பந்தி, எனக்கு ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றிய விஷயத்தை அவர் காது கேட்க எப்படிச் சொல்வது?

தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் புகார் என்று வந்துவிட்டால் முதலிலிருந்து சொல்வதுதான் முறை. அடுத்த மாதம் என் மகள் மறுபடியும் வேலைக்குப் போகிறாள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும். தங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்திரண்டு படி. இருக்கிற சின்ன அறையில் ஒரு கட்டில்தான் போட முடியும், ஆகவே ஒருவர்தான் வரலாம். தங்கள் மாமியாருக்குத் தபால் நிலையத்தில் லீவு கிடைக்காது என்று அன்றைக்கே நான் போனில் சொல்லிவிட்டேன். மிச்சம் இருப்பது இரண்டு தாத்தாக்கள். எனக்கு வலது முட்டி தேய்மானம், சம்பந்திக்கு இடது முட்டி தேய்மானம். "யாருக்கு முட்டி தேறுதோ அவங்க வாங்க, பிசியோதெரபி டாக்டரம்மா சொல்றதுதான் முடிவு" என்று தாங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். அதுவரை சரி. ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து, வலி குறைய முட்டியில் ஒட்டி லேசாகக் கரண்ட் விடுகிற மின்சார மிஷின் ஒன்றே ஒன்றை வாங்கி அனுப்பினீர்களே, அங்கேதான் வினை ஆரம்பித்தது.

பெட்டியில் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு இருக்கிறது, இரண்டு கம்பி வருகிறது, ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு ஒட்டுத் துண்டு இருக்கிறது, ஆக ஒரு ஆளுக்கு ஒரு முட்டி, கணக்கு சரியாக இருக்கிறது என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள். முட்டிக் கணக்கு சரிதான். மனுஷர்களைத் தாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சம்பந்தியும் நானும் பேசி நாலு வருஷம் ஆகிறது. தங்கள் கல்யாணப் புகைப்படத்தில் வலது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது நான்தான். சம்பந்தி முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். கல்யாண மேடையிலும் விசிலை எடுத்து ஊதி, இரண்டு குடும்பத்தையும் உயர வரிசையில் நிறுத்தினார். பெண்ணைப் பெற்றவன் பெண் பக்கத்தில்தான் நிற்பான் என்று நான் சொன்னதற்கு, "வரிசை கலையுது சார், கடைசிக்குப் போங்க" என்றார். போனேன். படத்துக்கு வெளியே போய்விட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் தங்கள் மாமியார் மூலமாகத்தான். அவள் முப்பது வருஷமாகத் தபால் பிரிப்பவள், இங்கே வாங்கி அங்கே கொடுப்பது அவளுக்குப் புதிதில்லை.

மிஷின் வந்த முதல் வாரம் ஒரு நாள் என் வீடு, ஒரு நாள் அவர் வீடு என்று முறை வைத்தோம். அவர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது ஒட்டுத் துண்டு நாலிலும் அவருடைய கால் ரோமம் ஒட்டியிருந்தது. அப்புறம் அது என் முட்டியில் எப்படி ஒட்டும்? "உங்க சம்பந்தியைக் காலைச் சிரைச்சுக்கச் சொல்லு" என்று இவளிடம் சொன்னேன். அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்து, "உங்களுக்குச் சிரைக்கவே ஒண்ணும் இல்லைங்கறது பொறாமையாம்" என்று பதில் கொண்டுவந்தாள். இந்தப் பதிலைக் கொண்டுவர அவள் இரண்டு தெரு நடந்திருக்கிறாள். அன்றைக்கே இரண்டு பேருக்கும் சட்டம் போட்டுவிட்டாள்: தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கள் ஹாலில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மிஷினில். கம்பி குட்டை. அதனால் என் வலது முட்டியும் அவருடைய இடது முட்டியும் பக்கத்துப் பக்கத்தில் வர, நடுவில் டீப்பாயில் மிஷின் இருக்க, ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார வேண்டும். டாக்டரம்மா வேறு முதல் நாளே என் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டார். "இது தேய்ஞ்ச மூட்டைப் புதுசாக்காதுங்க. வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். அந்த நேரத்துல எழுந்து தொடைக்குப் பயிற்சி பண்ணணும். தொடை பலமானாத்தான் முட்டி நிம்மதியா இருக்கும். மிஷினை வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்தீங்கன்னா மிஷினுக்குத்தான் தேய்மானம்" என்றார்.

இப்போது விபத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் நாள் இவள் இஸ்திரிக்குப் போட்டிருந்த துணியை வாங்கப் போயிருந்தாள். நாங்களே ஒட்டிக்கொண்டோம், நாங்களே கம்பியைச் செருகினோம். அதில் என் கம்பி அவர் பக்கத்துத் துளையிலும் அவர் கம்பி என் பக்கத்துத் துளையிலும் போய்விட்டது. வாயைத் திறந்து "இது யாருது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. யார் கேட்பது? நான் என் திருகை மூன்றில் வைத்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மா சொன்ன அடையாளம். எறும்பே இல்லை. நாலில் வைத்தேன். ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு வருஷம் லாரி எடைமேடையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தவன் நான். முள் நகரவில்லையென்றால் பாரம் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம், எனவே ஐந்தில் வைத்தேன். பக்கத்தில் சம்பந்தியின் தொடை துள்ளியது. அவர் தன் திருகைக் குறைத்தார். துள்ளல் நிற்கவில்லை. பூஜ்யத்துக்கே கொண்டுவந்தார், அப்போதும் துள்ளியது. வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் பி.டி. மாஸ்டர் மானம் என்ன ஆவது? பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார் போலிருக்கிறது, குறைத்தால் நிற்காதது கூட்டினால் நிற்குமோ என்று தன் திருகைச் சடாரென்று ஐந்துக்குக் கூட்டினார். என் கால் எகிறியது. நான் பதறி என் திருகைக் குறைத்தேன். உடனே அவருக்குச் சுகமாகிவிட்டது. ஆகா, கூட்டினால்தான் குறையும் போலிருக்கிறது என்று அவர் தீர்மானமே செய்துவிட்டார். இன்னும் கூட்டினார். எனக்கோ என் திருகு பூஜ்யத்தில் இருக்கிறது, கால் தானாக டீப்பாயை உதைக்கிறது. சரி, இந்த மிஷினைத் தலைகீழாகச் செய்து தொலைத்திருக்கிறார்கள் என்று நானும் முழுவதும் கூட்டினேன். அப்புறம் இரண்டு கால்களும் முறை வைத்துக்கொண்டு உதைக்க ஆரம்பித்தன, தண்ணீர்ச் சொம்பு ஒரு பக்கம் போனது, நாளிதழ் ஒரு பக்கம் போனது. ஒட்டுத் துண்டைப் பிய்த்து எறிய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கால் ஒரு இடத்தில் நின்றால்தானே பிய்க்க!

"சம்பந்தி! நிறுத்துங்க!" என்று கத்தினேன். நாலு வருஷத்தில் நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"நீங்க நிறுத்துங்க சார் முதல்ல!"

"என்னுது பூஜ்யத்துல இருந்தப்பவே உதைச்சுதுய்யா!"

"அப்ப என்னுதை ஏன் நீங்க திருகுறீங்க?"

"நான் எங்க உங்களுதைத் திருகினேன்? ஐயோ, கம்பி மாறிப் போச்சு போலிருக்கு சம்பந்தி, உங்களுதைக் குறைங்க! குறைங்கன்னா!"

இந்த நேரம் பார்த்துத்தான் தாங்கள் வீடியோவில் கூப்பிட்டீர்கள். சம்பந்தியின் முழங்கை பட்டு போன் தானாக எடுத்துக்கொண்டது. திரையில் பாப்பா. இரண்டு தாத்தாவின் காலும் ஒன்றுக்கொன்று எதிராகக் குதிப்பதைப் பார்த்து அவள் கைகொட்டிச் சிரித்தது தங்களுக்கு நினைவிருக்கும். "தாத்தா டான்ஸ்! இன்னும்!" என்றாள். அதற்குள் ஒருவழியாக மிஷினை அணைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு இன்னும் ஆடத் தெம்பில்லை. அப்புறம் அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிய, "நாளைக்கு வா" என்றாள். யாரை வரச் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் இந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சம்பந்தி ஏன் என்று கேட்டார். கரண்ட் ஜாஸ்தியாகிவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் தன் முட்டியிலிருந்து ஒட்டுத் துண்டைப் பிய்த்தார்.

அன்றையிலிருந்து கம்பி செருகும்போது மட்டும் பேசிக்கொள்வது என்று ஓர் ஏற்பாடு. "இது உங்களுது." "இது என்னுது." "வெச்சாச்சா?" "வெச்சாச்சு." அதன் பிறகு வழக்கம்போல ஆளுக்கு ஒரு பக்கம். ஆனால் மிஷின் முடிந்ததும் அவர் விடுவதில்லை. விசிலை எடுத்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திரு, உட்கார்ந்து எழுந்திரு, காலை நீட்டு, பத்து எண்ணு. இவளும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "எட்டுதான் ஆச்சு, ஏமாத்தாதீங்க" என்பாள். இரண்டு பேருக்குமே வலி குறைந்துதான் இருக்கிறது, அதை மறைப்பது பாவம். முன்பு பால் வாங்கப் போய் வருவதற்குள் நாலு இடத்தில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் நடிப்பேன். இப்போது ஒரு இடத்தில்தான் நடிக்கிறேன். ஆனால் தாங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பந்தி பயிற்சி செய்வது பாப்பாவுக்காக இல்லை, என்னை ஜெயிப்பதற்காக. நான் பத்து என்றால் அவர் பன்னிரண்டு. தெருவில் என்னைப் பார்த்தால் நொண்டாமல் நடப்பார், நான் திரும்பியதும் நொண்டுவார். இப்படிப்பட்ட போட்டி மனப்பான்மை உள்ள ஒருவரை ஒரு பச்சைக் குழந்தையிடம் ஆறு மாதம் விடலாமா? குழந்தை சோறு உண்ணும்போது விசில் ஊதினால் அதன் கதி என்ன? இதையெல்லாம் குறை சொல்வதற்காக எழுதவில்லை, தாங்கள் தங்கள் தந்தையாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பரீட்சை. டாக்டரம்மாவின் அறை மாடியில் இருக்கிறது. முட்டி வலிக்காரனுக்கு ஏன் மாடியில் அறை என்று முதல் நாளே கேட்டேன். "ஏறி வர்ற சத்தத்துலயே பாதி வைத்தியம் முடிவாயிடும்" என்றார். பதினெட்டுப் படி. மூன்று முறை ஏறி இறங்க வேண்டும், கைப்பிடியைப் பிடிக்கக்கூடாது, அவர் கையில் கடிகாரத்தோடு நிற்பார். முதலில் நான். மாப்பிள்ளை, என் வாயால் சொல்லக்கூடாது, ஆனால் சொல்ல வேறு ஆளும் இல்லை. மூன்று முறையும் ஏறினேன், மூன்று முறையும் இறங்கினேன். மூன்றாவது தடவை கைப்பிடியை லேசாக விரலால் தொட்டேன், அது தூசி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. முட்டிக்குள் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் வந்தது, அதை இருமி மறைத்துவிட்டேன். டாக்டரம்மா நேரத்தைக் குறித்துக்கொண்டு, "பரவாயில்லையே" என்றார்.

அடுத்து சம்பந்தி. முதல் சுற்றில் விறுவிறுவென்று ஏறி இறங்கினார். அந்த வேகத்தில் போனால் என்னைவிடப் பாதி நேரத்தில் முடித்துவிடுவார். எல்லாம் போயிற்று, பாப்பாவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது சுற்றில் பத்தாவது படியில் திடீரென்று நின்றார். என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "முடியலைம்மா, உயிர் போகுது. அவரையே அனுப்பச் சொல்லிடுங்க" என்றார். டாக்டரம்மா ஓடிப்போய் அந்த முட்டியை அழுத்திப் பார்த்தார், சம்பந்தியின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார், பிறகு என் பெயருக்கே சீட்டு எழுதிவிட்டார். நானும் எழுந்தேன், ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை மைதானம் சுற்ற வைத்தவர் பதினெட்டுப் படியில் தோற்றுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அவர் நொண்டிக்கொண்டே வந்தார், நான் நொண்டாமல் வந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நடை நடந்ததில்லை.

ஆகவே மாப்பிள்ளை, தீர்ப்பு தெளிவு. வர வேண்டியது நான்தான். டாக்டரம்மாவின் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். டிக்கெட் எடுத்து அனுப்பவும், ஜன்னல் ஓரமாக இருந்தால் காலை நீட்டிக்கொள்ள வசதி. மிஷினை நான் கையோடு கொண்டுவருகிறேன். சம்பந்திக்கு வேண்டுமானால் வேறு ஒன்று வாங்கிக் கொடுங்கள், தோற்றவருக்கு அது ஆறுதலாக இருக்கும். பாப்பாவைப் பற்றி இனி தாங்கள் கவலைப்பட வேண்டாம். நான் ஒரு குழந்தையை முன்பே வளர்த்துக் கொடுத்திருக்கிறேன், அவளைத்தான் தாங்கள் கட்டிக்கொண்டீர்கள், புகார் ஏதும் இதுவரை வரவில்லை.

தாங்களும் என் மகளும் நீடூழி வாழ்க. பாப்பாவின் கன்னம், மூக்கு, நெற்றி எல்லாவற்றுக்கும் தனித்தனியே என் முத்தங்கள். சம்பந்தி கேட்டால் அவர் பெயரைச் சொல்லியும் ஒன்று கொடுங்கள், பாவம்.

இப்படிக்கு,
ஏறத்தாழக் குணமான முட்டியுடன்,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆறு பக்கம் கை வலிக்க எழுதியது, மனசு வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உறையை ஒட்டுவதற்கு முன் இவள் வாங்கிப் படித்தாள். சம்பந்தி பத்தாவது படியில் உட்கார்ந்த இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினாள். "எந்த முட்டின்னு எழுதியிருக்கீங்க?" என்றாள். "வலது முட்டி. என் கண்ணால பாத்தேன்." "சம்பந்தி அண்ணாவுக்கு வலி எந்த முட்டியில?" இத்தனை நாள் அந்த இடது முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! எடைமேடையில் எத்தனையோ திருட்டு பார்த்திருக்கிறேன். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே வைத்து எடையைக் குறைப்பவன், மணலில் தண்ணீர் ஊற்றி எடையைக் கூட்டுபவன், எல்லோரும் தனக்கு லாபமாகத்தான் ஏமாற்றுவார்கள். தனக்கு நஷ்டமாக ஏமாற்றிய ஆளை நான் பார்த்ததில்லை. அதனால்தான் பிடிபடாமல் போய்விட்டார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நொண்ட ஆரம்பித்தார்.

"எந்த முட்டி சம்பந்தி?" என்றேன்.

அவர் இரண்டையும் குனிந்து பார்த்தார். "எதுன்னு சொன்னா விடுவீங்க?"

"ஏன்யா இப்படிப் பண்ணினீங்க?"

"பாப்பா நாளைக்கு வான்னு சொன்னப்ப நீங்க சுவரைப் பாத்துத் திரும்பினீங்க. கரண்ட்டுன்னீங்க. நானும் அதே கரண்ட்டைத்தானே சம்பந்தி வெச்சிருந்தேன், எனக்குக் கண்ணுல தண்ணி வரலையே."

அவர் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன், மாப்பிள்ளை. தங்கள் தாயார் போனபின் அந்த வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. எனக்காவது திட்டுவதற்கு இவள் இருக்கிறாள், அவருக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கதான் போகணும் என்றேன். தோத்தவன் போக முடியாது, அது ஆட்டத்துக்கு அழகில்லை என்றார். நீங்க தோற்கவே இல்லை என்றேன். நடுவர் சொல்லியாச்சு என்றார். பேச்சு முற்றி, அவர் விசிலை எடுத்து ஊதி என்னை வெளியே போகச் சொன்னார். இப்போது மறுபடியும் பேச்சு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்து, "உங்க அண்ணாகிட்ட சொல்லு, அவர்தான் போறார்னு" என்றேன். இவள் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துப் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். "யாரும் போக வேண்டாம். நான் போறேன். எனக்கு ஏழு மாச லீவு சேர்ந்து கெடக்கு. பொண்ணு போன் பண்ணின அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். "லீவு கிடைக்காதே!" என்றேன். "அது நீங்க சொன்னது. என்னை யாராவது கேட்டீங்களா? ரெண்டு ஆம்பளைங்க ஒரு மாசமா முட்டியைப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்க, இந்த வீட்டுல வலியே இல்லாம ரெண்டு முட்டி நடமாடுதேன்னு ஒருத்தர் கண்ணுலயாவது பட்டுதா?" முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒரு நாளாவது பயிற்சி செஞ்சிருப்பீங்களா?" என்றாள்.

வியாழக்கிழமை வண்டியில் வருகிறாள். இந்தக் கடிதத்தையும் அவளே கையோடு எடுத்துவருவதால் தாங்கள் இதைப் படிக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்து தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதற்கேற்ப முகத்தை வைத்துக்கொள்ளவும். பாப்பாவை ஆறு மாதம் பார்க்க முடியாது என்பது எனக்கு ரொம்பவே கஷ்டமாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. கரண்ட் மேல் பழி போடுவதும் இனி செல்லாது. டிக்கெட் வேண்டாம், இரண்டாவது மிஷினும் வேண்டாம். இங்கிருந்து அங்கு, அங்கிருந்து இங்கு என்று சொல்லி அனுப்ப இனி ஆள் இல்லாததால், சண்டையை நாளை முதல் நேராகவே போட்டுக்கொள்வது என்று சம்பந்திக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் இப்போது அவர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். வழியில் எங்கேயும் நின்று வேடிக்கை பார்க்கப் போவதில்லை.